வெளிநாட்டை மூடிய சனிக்கிழமை

முதல் வேலையாக அந்தக் கொடிகளை எடுத்துவிடுங்கள். இன்றைக்கே எடுங்கள். நம் வானொலியின் இணையப் பக்கத்தை நேற்று என் மருமகன் போனில் காட்டினான். ‘எங்கள் நேயர்கள் வாழும் நாடுகள்’ என்று தலைப்புப் போட்டு, உலகப் படம் ஒன்றை வைத்து, குவைத்துக்கு ஒரு கொடி, சவூதிக்கு ஒரு கொடி, ஜோர்தானுக்கு ஒரு கொடி என்று கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி ஒட்டி வைத்திருக்கிறீர்கள். பார்த்ததும் எனக்குப் பிரஷர் ஏறிவிட்டது. மருமகன் பயந்துபோய்ப் போனைப் பறித்துக்கொண்டான்.

நீங்கள் ஐந்து பேரும் புதியவர்கள். ஆசையில் செய்திருக்கிறீர்கள், தெரியும். நாங்களும் ஆசையில்தான் செய்தோம். ஓய்வு பெற்று வீட்டில் கிடக்கிறவளை ஏன் இப்படிப் படுத்துகிறீர்கள் என்று கேட்கத்தான் முதலில் போனை எடுத்தேன். பிறகு, சரி, நடந்ததை ஒரேயடியாக எழுதித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். மைக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது, எந்தக் கம்பியை எங்கே சொருகுவது என்பதெல்லாம் நம் தொழில்நுட்பப் பொறுப்பாளர் ரிஸ்வான் சொல்லித் தருவார். அதை என்னிடம் கேட்காதீர்கள். பன்னிரண்டு வருஷம் நிலையப் பொறுப்பாளர் நாற்காலியில் இருந்தும் எனக்கு அது விளங்கவில்லை.

நம் வானொலி எதற்காகத் தொடங்கியது என்பதையே நீங்கள் சரியாகச் சொல்வதில்லை. ‘தோட்ட மக்களின் குரல்’ என்று அறிக்கையில் எழுதுகிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மை வேறு. புளத்கொகுபிட்டியைச் சுற்றி இருக்கிற தேயிலை, ரப்பர் தோட்டங்களில் வரிசை வீடுகளாக நிற்கிற எந்த லயத்தை எடுத்தாலும் ஒரு வீட்டுப் பெண்ணாவது வெளிநாட்டில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். சாதாரண வானொலி அலைவரிசை நம் பள்ளத்துக்கே ஒழுங்காக இறங்காது, குவைத்துக்கு எங்கே போவது? இன்டர்நெட்டில் போட்டால் எங்கிருந்தும் கேட்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அப்படித்தான் ஹாட்வெயார் கடைக்கு மேலே இருந்த ஒரு அறையில் தொடங்கினோம். கடைக்காரர் ஹாஜியார் வாடகை வாங்காமல் அறையைக் கொடுத்தார். அதனால் அவரையே நிர்வாகக் குழுவுக்குத் தலைவராகவும் போட்டோம்.

உயிரான நிகழ்ச்சி மாலை ஐந்தரைக்கு வரும் ‘வாழ்த்து நேரம்’. தோட்டத்துப் பிள்ளைகள் போன் எடுத்து அம்மாவிடம் பேசுவார்கள். அம்மா, நான் பாஸாயிட்டேன். அம்மா, தம்பிக்குப் பல்லு விழுந்திருச்சு. அரை நிமிடம் பேச்சு, அதற்குப் பிறகு நாலு நிமிடம் ஒரு சினிமாப் பாட்டு. இங்கே ஐந்தரை என்றால் குவைத்தில் மூன்று மணி, பகல் சாப்பாட்டுப் பாத்திரங்கள் கழுவுகிற நேரம். முக்காட்டுக்கு அடியில் ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு கேட்பார்கள்.

வாட்சப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பல வீடுகளில் வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் எஜமானி பேச விடுவாள். வேலை நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது, காதைத் திறக்கலாம். அதோடு வாட்சப்பில் பேசினால் அது இரண்டு பேருக்குள் முடிந்துபோகும். வானொலியில் பேசினால் தோட்டமே கேட்கும். எங்கள் ஆட்கள் ஒரு போனைக் கோயில் ஸ்பீக்கரில் மாட்டிவிடுவார்கள், அந்தக் குழாய் டிவிஷன், அதாவது தோட்டத்தின் ஒரு பிரிவு முழுக்கப் பேசும். இன்டர்நெட்டில் சுற்றி வருவதால் சத்தம் அரை நிமிடம் பிந்தித்தான் வரும். பிள்ளைகள் போனை வைத்ததும் வாசலுக்கு ஓடிப்போய் நிற்பார்கள், தன் குரல் கோயில் குழாயில் வருவதைக் கேட்க. எங்கம்மாவுக்குப் போயிருச்சு என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பெருமை அடித்துக்கொள்வார்கள்.

இனிமேல்தான் வயிற்றெரிச்சல்.

எங்களுக்கு உதவிப் பணம் தந்த நிறுவனத்துக்கு வருஷா வருஷம் அறிக்கை எழுத வேண்டும். ‘நேயர்கள் எத்தனை பேர்?’ என்று ஒரு கட்டம். கணினியில் காட்டுகிற எண்ணிக்கையைப் போட எங்களுக்கு மனம் வரவில்லை. ஒரு போன்தான் கேட்கிறது என்று காட்டும், ஆனால் அந்தப் போன் கோயில் குழாயில் மாட்டியிருக்கிறதே! ஆகவே ஒரு போனுக்கு ஒரு டிவிஷன் என்று பெருக்கினோம். கைக்குழந்தையைக்கூட விடவில்லை. வந்த இலக்கத்தைப் பார்த்து எங்களுக்கே புல்லரித்துவிட்டது. அதைக் கொட்டை எழுத்தில் இணையப் பக்கத்தில் போட்டோம். போதாக்குறைக்கு உலகப் படமும் கொடிகளும். நியூசிலாந்துக் கொடி எதற்கு ஒட்டினோம் தெரியுமா? ஒரு நேயருடைய தம்பி அங்கே போயிருந்தபோது ஒரே ஒருநாள் கேட்டாராம். அதற்கு ஒரு கொடி.

பாட்டுகளுக்கு உரிமக் கட்டணம் வசூலிக்கிற அலுவலகத்திலிருந்து ஒரு நாள் கடிதம் வந்தது. எல்லாம் ஆங்கிலம், பக்கம் பக்கமாக. நான் கஷ்டப்பட்டு வாசித்ததில் விளங்கியது இவ்வளவுதான்: இன்டர்நெட்டில் பாட்டுப் போடுகிறவர்கள் கட்டணம் கட்ட வேண்டும். எத்தனை பேர் கேட்கிறார்கள், எத்தனை நாட்டில் கேட்கிறார்கள் என்று பார்த்துத்தான் கட்டணம். எங்கள் நேயர் எண்ணிக்கையும் நாடுகளும் இன்னின்ன என்று அவர்களே எழுதியிருந்தார்கள். எங்கே எடுத்தார்கள்? எங்கள் பக்கத்தில்தான். கொடிகளை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார்கள், நியூசிலாந்து உட்பட.

அந்தத் தொகையை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஹாஜியார் அதைப் பார்த்துவிட்டு, “இது கட்டணமா மிஸ், இல்லாட்டி போன் நம்பரா?” என்று கேட்டார். மாதக் கடைசிக்குள் வழி சொல்லாவிட்டால், எங்கள் ஒலிபரப்பைச் சுமந்து செல்கிற கம்பெனி அதை நிறுத்திவிடும் என்றும் கடிதத்தில் இருந்தது.

நான் கொழும்புக்குப் போனேன். சண்டை போடுகிற நோக்கத்தில் பஸ் ஏறினேன். அவிசாவளை தாண்டும்வரை பேச வேண்டியதையெல்லாம் மனதுக்குள் சிங்களத்தில் ஒத்திகை பார்த்தேன். அங்கே இருந்த அதிகாரியோ கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற மனிதர். எனக்கு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். அதிலேயே பாதிச் சண்டை போய்விட்டது.

“இந்த எண்ணிக்கை நாங்கள் போட்டது இல்லை மிஸ், உங்களுடையது” என்றார்.

“அது கோயில் குழாய், சேர்” என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் அந்தக் கொடிகள்?” என்றார். நியூசிலாந்துத் தம்பியின் கதையைச் சொன்னேன். “ஒருநாள் கேட்டவருக்கு ஏன் கொடி ஒட்டினீர்கள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பிறகு விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்துவைத்தார். பெரிய பெரிய வியாபார வானொலிகளுக்கும் அதே படிவம், ஹாட்வெயார் கடைக்கு மேலே இருக்கிற எங்களுக்கும் அதே படிவம். ‘வருடாந்த விளம்பர வருமானம்’ என்று ஒரு கட்டம். எங்கள் விளம்பரம் என்ன? மரண அறிவித்தலும், காணாமல் போன மாட்டு அறிவித்தலும். மாடு கிடைத்தால் ஒரு போத்தல் பால் கொண்டுவந்து தருவார்கள். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? லாபத்துக்கு நடக்காத வானொலி என்று ஒன்று இந்த உலகத்தில் இருக்கலாம் என்பதே அந்தப் படிவத்தை அடித்தவருக்குத் தோன்றியிருக்காது. இந்த நிலையில் பொது மக்களுக்கான இணைய வானொலிக்கு எதிர்காலம் என்ன என்று கருத்தரங்கு வேறு நடத்துகிறார்கள். முதலில் படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள், பிறகு எதிர்காலத்தைப் பற்றிப் பேசலாம்.

நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்: “சேர், எங்களிடம் கேட்டு வாங்குவதற்கு எதுவும் இல்லை. கூலி வேலை செய்கிறவர்கள்தான் எங்கள் நேயர்கள்.”

அவர் சொன்னார்: “பாட்டு எழுதினவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்தானே மிஸ்?”

நியாயம் பேசுகிற ஆளிடம் சண்டை போடப் போவது மாதிரி எரிச்சலான காரியம் கிடையாது. அவரே ஒரு வழியும் சொன்னார். வெளிநாட்டில் கேட்க முடியாமல் மூடிவிட்டால் உள்ளூர்க் கட்டணம் மட்டும் போதும். அது சின்னத் தொகை, எங்களால் கட்ட முடியும். வெளிநாடும் வேண்டும் என்றால் அந்தந்த நாட்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். அவர் வேறு எதுவும் சொன்னாரா என்று இன்றுவரை யோசிக்கிறேன். சொல்லியிருந்தாலும் என் காதில் ஏறியிருக்காது. மூடுவது என்ற வார்த்தையோடு நான் எழுந்துவிட்டேன்.

திரும்பி வருகிற வழியில் எனக்கு ஒரு பெரிய மூளை வேலை செய்தது. சினிமாப் பாட்டுக்குத்தானே கட்டணம்? நம் ஆட்களே பாடிய பாட்டைப் போட்டால் யார் காசு கேட்கப் போகிறார்கள்?

மேல் டிவிஷனில் மாசி மாதம் காமன் கூத்து ஆடும்போது ரிஸ்வான் பதிவு செய்து வைத்தவை கணினியில் கிடந்தன. அதில் ராமையா அண்ணன் பாடியவைதான் அதிகம். ராமையா அண்ணன் ரப்பர் பால் வெட்டுகிறவர், வருஷா வருஷம் கூத்தில் ரதியாக வேடம் கட்டுகிறவர். சேலை கட்டி, மாலை போட்டு அவர் பாட வந்தால் ஊரே வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நான் அவசரத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்றில் தப்பு மேளத்தின் சத்தம் ஜோராக இருந்தது. அரை நிமிடம் கேட்டேன், போதும் என்று எடுத்துவைத்தேன். அன்று மாலை ஒரு பையன் அம்மாவிடம் பேசினான், அவனுக்குப் பிறந்தநாள். அவன் பேசி முடித்ததும் அந்தப் பாட்டைப் போட்டேன்.

தப்பு முழங்கி அடங்கியது. அதற்குப் பிறகு ஒப்பாரி. எரிந்துபோன காமனுக்காக ரதி மார்பில் அடித்துக்கொண்டு புலம்புகிற பாட்டு அது. பிறந்தநாள் வாழ்த்துக்குப் பின்னால் அதைக் கோயில் குழாயில் டிவிஷன் முழுக்க அலற விட்டிருக்கிறேன். நானும் லயத்தில் பிறந்தவள்தான். எனக்குத் தெரியாதது இல்லை. கேட்காமல் போட்டேன், அவ்வளவுதான். அந்தப் பையனின் பெரியம்மா போன் எடுத்து என்னை ஏசியதை அச்சில் போட முடியாது.

மறுநாள் ராமையா அண்ணனே பஸ் ஏறி வந்துவிட்டார். பால் வெட்டி முடித்த கையோடு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“மிஸ், அது நான் வெரதம் இருந்து பாடுற பாட்டு. காமனுக்குக் கம்பம் ஊனாம அத வாயில எடுக்க மாட்டேன். எம் பொண்டாட்டி கேட்டாக்கூடப் பாட மாட்டேன். நீங்க ஐப்பசி மாசத்துல, பச்சப்புள்ள பொறந்தநாளுக்குப் போட்டிருக்கீங்க.”

“தப்புதான் அண்ணே. சினிமாப் பாட்டுக்கெல்லாம் காசு கேக்குறாங்க. இது நம்ம பாட்டுதானேன்னு…”

“யாரு பாட்டு?”

நான் எழுந்து கீழே டீ சொல்லிவிட்டு வந்தேன்.

“அந்தக் கொழும்பு ஆபீசுக்காரங்க உங்களுக்குக் கடுதாசியாவது போட்டாங்க. நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா மிஸ்?”

டீ வந்தது. குடிக்காமலே படியிறங்கிப் போய்விட்டார். எனக்கு வந்த வெட்கத்துக்கும் கோபத்துக்கும் அளவே இல்லை. ஊரில் எல்லோரிடமும், பாட்டுக்குப் பணம் பறிக்கிறார்கள், ஏழையிடம் பிடுங்குகிறார்கள் என்று வாய் கிழியப் பேசியவள் நான். அவருடைய பாட்டுகளையெல்லாம் கணினியில் தனியாக ஒதுக்கி வைக்கச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சொல்லாமல் எடுக்கக் கூடாது என்று ரிஸ்வானிடம் சொன்னேன். அவரிடம் பிறகு முறையாகக் கேட்டோம், சிலதுக்குச் சரி என்றார், சிலதுக்கு மாட்டேன் என்றார். அந்தப் பட்டியல் அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது, பாருங்கள்.

இதற்குள் மாதக் கடைசி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். ஹாஜியார் சொன்னார்: “பாட்டில்லாத ரேடியோவ யாரு கேக்கிற மிஸ்? கடைக்கு வாற சனம் எல்லாம் பாட்டத்தான் கதைக்கிற. கொஞ்ச நாளைக்கி வெளிநாட்ட மூடுவோம். காசு சேந்த பொறகு தொறப்போம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான். அவர்மேல் பழி போடாதீர்கள், அன்றே உள்ளூர் உரிமத்துக்குப் பணம் கட்டிப் போட்ட கையெழுத்து என்னுடையது. அந்த நேரத்தில் எனக்குப் பட்டது இதுதான்: வானொலி என்றால் பாட்டு. பாட்டு போனால் வானொலி போச்சு. வெளிநாட்டை மூடினால் கொஞ்சப் பேர்தான் போவார்கள், மீதி நிற்கும். கணக்குப் பார்த்தால் சரியாகத்தான் வந்தது. ராமையா அண்ணனிடம் வாங்கிய அடி வேறு உறைத்துக்கொண்டிருந்தது. இனி ஒரு புது யோசனையும் வேண்டாம், முறைப்படி கட்டணத்தைக் கட்டி, முறைப்படி பாட்டைப் போட்டு நிம்மதியாக இருப்போம் என்று நினைத்தேன். களைத்துப்போன நேரத்தில் எடுக்கிற முடிவு எப்போதும் நியாயமாகத்தான் தெரியும். அதை மட்டும் நம்பாதீர்கள்.

“இதிலே ஒரு பட்டன் ஈக்கிது மிஸ், அமத்தினா சரி” என்றார் ரிஸ்வான். அமத்தினார்.

வெளிநாட்டு நேயர்களுக்கு ஒரு அறிவித்தல் எழுதி இணையப் பக்கத்தில் போட்டோம். ‘தவிர்க்க முடியாத காரணத்தினால்’ என்று தொடங்கி மிகவும் பணிவாக எழுதியிருந்தேன். ரிஸ்வான் அமத்திய பட்டன் அந்தப் பக்கத்தையும் சேர்த்தே வெளிநாட்டுக்கு மூடிவிட்டது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. யாருக்காக எழுதினோமோ அவர்களைத் தவிர மீதி எல்லோரும் அதை வாசிக்கலாம். தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறதா? எனக்கு இன்னும் தோன்றுகிறது.

கூட்டத்துக்கு மறுநாள் சனிக்கிழமை, ஐந்தரை மணி. முதல் போன் டிலானி. கீழ் டிவிஷன் பிள்ளை, அன்றைக்கு ஒன்பது வயது முடிகிறது. அவள் அம்மா புஷ்பராணி குவைத்துக்குப் போய் இரண்டு வருஷம். அப்பாவுக்குத் தேயிலை மலையில் வேலை, சித்திதான் வீட்டில் பார்த்துக்கொள்கிறாள்.

எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை பேசப் பேச அது குவைத்துக்குப் போகவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ‘அம்மாவுக்கு இன்னைக்குக் கேக்காது கண்ணு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிறந்தநாளும் அதுவுமாக எதற்கு அழ வைப்பது, அடுத்த வாரம் வீட்டுக்காரர்களிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன், எழுதவே கை கூசுகிறது. அவள் பேசும்போது நான் சரியாகக் கேட்கவும் இல்லை. உரிமம் எடுத்த முதல் நாள், போடுகிற ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர், படம், இசையமைத்தவர், எழுதியவர், எத்தனை நிமிடம் எத்தனை விநாடி என்று ஒரு தாளில் எழுத வேண்டும். நான் குனிந்து அதை எழுதிக்கொண்டிருந்தேன். கேசரி என்று அவள் ஏதோ சொன்னது காதில் விழுந்தது. “சரி டிலானி, வாழ்த்துகள்!” என்றேன். பாட்டைப் போட்டேன்.

இரண்டாவது பாட்டு போய்க்கொண்டிருக்கும்போது வாட்சப்பில் அழைப்பு வந்தது. குவைத் நம்பர். குசுகுசுவென்று ஒரு குரல்.

“மிஸ், நான் புஷ்பராணி. பாத்ரூம்ல இருந்து பேசுறேன். ரேடியோ வரமாட்டேங்குது. நெட் நல்லாத்தான் இருக்கு. எம்புள்ளைக்கு இன்னைக்குப் பொறந்தநாளு. பேசிட்டாளா?”

“பேசிட்டா ராணி.”

“என்ன சொன்னா?”

என்ன சொல்வது? “கேசரி செஞ்சாங்களாம்” என்றேன்.

“அப்புறம்?”

எனக்கு அதற்கப்புறம் ஒன்றும் தெரியாது.

“ரெக்காட் இருக்குமா மிஸ்? அனுப்புவீங்களா?”

நேரடி நிகழ்ச்சிகளை நாங்கள் அப்போது பதிவு செய்வதில்லை. கையில் அந்தத் தாள் இருந்தது. பாட்டின் பெயர், படம், இசை, எழுதியவர், நாலு நிமிடம் பதினொரு விநாடி. எல்லாம் என் கையெழுத்தில் அழகாக இருந்தது. டிலானி அதில் எங்கேயும் இல்லை.

நான் அவளிடம் மறைக்கவில்லை. பாட்டுக்குக் கட்டணம் கேட்கிறார்கள், பாட்டை நிறுத்த முடியாது, அதனால் வெளிநாட்டை மூட வேண்டியதாகிவிட்டது, கொஞ்ச நாளைக்குத்தான் என்று ஒரு மூச்சில் சொன்னேன். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, வெளியே பேச்சு கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள்.

“பாட்டு என் போன்லயே கெடக்கு மிஸ். எந்தப் பாட்டு வேணும்னாலும் கெடக்கு. எம்புள்ள பேசுறது உங்ககிட்ட மட்டும்தானே இருந்துச்சு?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. யாரோ கதவைத் தட்டினார்கள். “மேடம் கூப்புடுறாங்க” என்று வைத்துவிட்டாள்.

போய்க்கொண்டிருந்த பாட்டை நடுவிலேயே நிறுத்தச் சொன்னேன். ரிஸ்வான் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தார். “பட்டன தொறங்க. இனிமே ஒரு பாட்டும் வேணாம், சும்மா பேசுவோம்” என்றேன். அன்றைக்கு மீதி நேரம் முழுக்கப் பேச்சுத்தான். கோயில் குழாயைக் கழற்றிவிட்டதாக இரண்டு டிவிஷனிலிருந்து போன் வந்தது. ஹாஜியார் கீழேயிருந்து மூச்சு வாங்கப் படியேறி வந்து, “மிஸ், பாட்டக் காணல்ல, யாரும் மௌத்தா?” என்று சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி கேட்டார். அவரிடம் அரை மணி நேரம் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார், நான் கத்த வேண்டியது என்னைப் பார்த்து.

பாட்டுக்குத்தான் கட்டணம், பேச்சுக்கு இல்லை. இது கடிதத்திலேயே எழுதியிருந்தது. இவ்வளவு சின்ன விஷயம் இத்தனை பேருக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். பாட்டும் வெளிநாடும் ஒரே மூட்டை என்று நினைத்தோம், மூட்டையை அவிழ்த்துப் பார்க்கவில்லை. அடுத்த வாரமே ரிஸ்வான் இரண்டு வழியாகப் பிரித்தார். உள்ளூருக்குப் போவதில் பாட்டும் உண்டு, அதற்கான கட்டணமும் உண்டு. வெளியே போவதில் பேச்சு மட்டும். பாட்டு ஓடுகிற நாலு நிமிடத்தில் அவர்களுக்காகத் தோட்டத்துச் செய்தி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக்களத்தில் நடந்த சண்டை, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் உங்களுக்கு இரண்டு மைக். ஒவ்வொரு பிள்ளை பேசுவதும் பதிவாகி அன்றைக்கே அம்மாவின் போனுக்குப் போக வேண்டும். பாட்டுத் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் இருப்பதும் அதனால்தான். இவ்வளவு வேலையா என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்கு வீட்டிலிருந்தே கேட்கிறது. ஆமாம், இவ்வளவு வேலைதான். சினிமாப் பாட்டு போட உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அவர்களோடு ஓடி நாம் ஜெயிக்கப் போவதில்லை. டிலானி பேசுவதைப் போட நம்மைத் தவிர யாரும் இல்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை, ரிஸ்வானிடம்கூட.

காலையிலேயே கீழ் டிவிஷனுக்குப் போனேன். டிலானி லயத்து வாசலில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். நேற்று அம்மாவிடம் சொன்னதையெல்லாம் இன்னொரு தடவை சொல், நான் போனில் பிடித்து அனுப்புகிறேன் என்றேன்.

“நேத்தே சொல்லிட்டேனே மிஸ்.”

“அம்மாவுக்குக் கேக்கல கண்ணு.”

“கோயில் கொழாயில நல்லா கேட்டுச்சே? நான் வாசல்ல நின்னு கேட்டேன்.”

“இங்க கேட்டுச்சு. அங்க போகல. நான்தான் மூடச் சொன்னேன்.”

அவள் பூசுகிற துணியைக் கீழே வைத்தாள். “எதுக்கு மிஸ் மூடுனீங்க?”

“பாட்டு போடுறதுக்கு” என்றேன். “நீ பேசி முடிச்சதும் உனக்காக ஒரு பாட்டு போட்டோமே, அதுக்கு.”

டிலானி நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். தன் குரல் குழாயில் வந்து முடிந்ததும் அவள் அடுத்த லயத்துக்கு ஓடிவிட்டாளாம், தோழியிடம் சொல்லும் அவசரத்தில்.

“பாட்டு போட்டீங்களா மிஸ்?” என்று கேட்டாள்.